நாக்கும் நரம்பும்

வாழைச்சேனையில் நம் ஆசிரிய நண்பர் ஒருவருடைய வீட்டு விறாந்தையில், ஒரு மாலைப் பொழுதில், மௌத் ஓர்கன் ஒன்று உறுப்பு உறுப்பாகக் கழற்றப்பட்டு வெள்ளைத் துணிமீது பரப்பப்பட்டிருக்கக் கண்டோம். துளைகள் கொண்ட உடல் ஒருபுறம். பித்தளை நாக்குகள் வரிசையாக அறையப்பட்ட இரு தகடுகள் மறுபுறம். பொத்தானோடு கூடிய வழுக்குத் தகடு இன்னொரு புறம். நண்பர் கையில் கடிகாரம் திருத்துவோர் வைத்திருப்பது போன்ற நுண்ணிய அரம் ஒன்று இருந்தது. ஒரு நாக்கை மெல்ல அராவுவார், ஊதிக் கேட்பார், தலையசைத்து மீண்டும் அராவுவார். பொழுதுபோக்கென்றே முதலில் எண்ணினோம். அவர் தேடிய சுரம் எது என்று கேட்டறிந்தபோது, நம் மட்டக்களப்பு மண்ணில் தோன்றிய பேரறிஞர் ஒருவர் பல்லாண்டு உழைத்து ஆராய்ந்த வினாவே அந்தத் துணிமீதும் கிடக்கிறது என்பதை உணர்ந்தோம். சுரங்களின் இடத்தை வகுத்தவர் யார்? வகுத்ததை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு?

கருவியை அறியாத வாசகர்க்காகச் சிறிது விளக்குவது கடன். மௌத் ஓர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நாக்கு. அதன் ஒரு முனை தகட்டில் அறையப்பட்டிருக்கும். மறுமுனை காற்றில் அதிரும். நுனியை அராவினால் நாக்கு இலேசாகி விரைந்து அதிரும், சுரம் உயரும். ஆணி அறைந்த அடிப்பகுதியை அராவினால் விறைப்புக் குறையும், சுரம் தாழும். நுனியில் ஈயப் பற்று ஒரு துளி வைத்தாலும் தாழும். பொத்தான் உள்ள வகையில் 12 துளைகள். ஊதினால் ஒன்று, உறிஞ்சினால் ஒன்று, பொத்தானை அழுத்தினால் இரண்டும் அரைச் சுரம் உயரும். ஆகத் துளைக்கு 4 நாக்காக 48 நாக்குகள்; ஸ்தாயிக்கு 16. ஆனால் ஒரு ஸ்தாயிக்குச் சுரங்களோ 12தாம். எஞ்சிய நான்கும் இரட்டிப்புக்கள்: ச மூன்று இடத்தில் வரும், தாழ்ந்த ரி இரண்டு இடத்தில், ம இரண்டு இடத்தில். இந்த மிகுதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இந்த அடுக்குமுறை இயற்கை தந்ததன்று. ஜெர்மனியில் திரொசிங்கன் என்னும் சிற்றூரில் கடிகாரத் தொழிலாளியாக இருந்த மத்தியாஸ் ஹோனர் 1857ஆம் ஆண்டில் மௌத் ஓர்கன் செய்யத் தொடங்கினார். முதலாண்டில் செய்தவை 650 என்பர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொத்தான் வகை பரவியபோது அவ்வாலையின் அடுக்கே உலகெங்கும் வழக்காயிற்று. உலகின் பல பாகங்களில் வாசிப்போர் அதற்குக் கட்டுப்படவில்லை. வழுக்குத் தகட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்திச் சுரத்தைத் தாழ்த்தும் பொத்தானாக மாற்றியோர் உண்டு. துளைக்குத் துளை மூன்று அரைச் சுர இடைவெளியில் நாக்குகளை அமைத்து, பன்னிரண்டு சுருதிகளையும் மூன்றே வாசிப்பு முறைகளுக்குள் அடக்கியோர் உண்டு. இவையெல்லாம் சுரங்களின் வரிசையை மாற்றும் முயற்சிகள். சுரத்தின் இடத்தையே மாற்றுவது வேறு. வரலாற்றுச் சிக்கல் முழுவதும் அங்குதான் இருக்கிறது.

ச என்பது வினாடிக்கு 240 அதிர்வு எனக் கொள்வோம். அதனோடு முற்றாக இயையும் ப 360. முற்றாக இயையும் க 300. மனிதக் காது கணக்கறியாமலே கண்டுகொள்ளும் எளிய விகிதங்கள் இவை. ஆனால் ச-விலிருந்து பஞ்சமம் பஞ்சமமாகப் பன்னிரண்டு முறை ஏறிச் சென்றால், ஏழு ஸ்தாயி கடந்து மீண்டும் ச-வை அடைய வேண்டுமல்லவா? அடைவதில்லை. ஏழு ஸ்தாயி 128 மடங்கு. பன்னிரண்டு பஞ்சமமோ ஏறக்குறைய 129.75 மடங்கு. வட்டம் மூடுவதில்லை. இந்தச் சிறு விரிசலை எங்கே ஒளித்து வைப்பது என்பதே உலகின் எல்லாச் சுருதி முறைகளுக்கும் அடிப்படையான பிரச்சினை. 1584இல் சீனத்து இளவரசர் சூ சாய்யூ விரிசலைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் சமமாகப் பங்கிடும் கணக்கை நுட்பமாக வகுத்தார். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில், பியானோ ஆலைகள் பெருகிய காலத்தில், இச்சமப் பங்கீடு பொதுவழக்காயிற்று. எந்தச் சுருதியிலும் எவரும் வாசிக்கத்தக்க கருவியை ஆயிரக்கணக்கில் செய்து விற்க அது வாய்ப்பானது. விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. சமப் பங்கீட்டில் ப ஏறக்குறைய 359.6, அது காதை உறுத்தாது. க-வோ 302.4. ச தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருக்க இந்தக் க-வைச் சேர்த்து ஒலித்தால், அவற்றின் மேலொலிகள் மோதி வினாடிக்கு ஒன்பது பத்து முறை விம்மும். 1863இல் ஒலியியல் பெருநூல் வெளியிட்ட ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதனைக் கடிந்ததோடு அமையாது, தூய விகிதங்களில் இயங்கும் ஆர்மோனியம் ஒன்றையும் தமக்கெனச் செய்வித்தார்.

ஆர்மோனியமும் மௌத் ஓர்கனும் உடன்பிறப்புக்கள். சீனத்துச் ஷெங் என்னும் வாயிசைக் கருவியின் தனி நாக்கு 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கவனத்தை ஈர்த்தது. 1840களில் பாரிசில் டெபேன் ஆர்மோனியத்துக்கு உரிமம் பெற்றார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி வாசிக்கும் பெட்டியாக்கினார். ஆசியாவில் பிறந்த நாக்கு ஐரோப்பா சென்று மீண்ட கதை இது. பார்சி நாடகக் குழுக்கள் வழியாகவும் தமிழ் நாடகக் கம்பெனிகள் வழியாகவும் அப்பெட்டி தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் வி. வி. வைரமுத்து போன்றோர் வளர்த்த இசைநாடக மேடையை ஆர்மோனியம் இன்றி எண்ணிப் பார்க்கவே இயலாது. ஒலிபெருக்கி இல்லாத ஊர்களில், திறந்த வெளியில், ஆயிரம் பேருக்கு முன் பாடும் நடிகனுக்கு அது சுருதியும் துணையும் தந்தது. வாங்கவும் கற்கவும் எளியது. ஏழைக் கலைஞனின் வாத்தியம் என்றால் மிகையாகாது.

அதனை வெறுத்தவர்களும் சிறியோரல்லர். கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1909இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியிலேயே கிராமபோனையும் ஆர்மோனியத்தையும் சாடினார். பாரதியும் தம் சங்கீதக் கட்டுரையில் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். தாகூரும் ஆதரிக்கவில்லை. முடிவில் 1940இல் அகில இந்திய வானொலி தன் நிலையங்களிலிருந்து ஆர்மோனியத்தை விலக்கிற்று. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் அப்போதுதான் தொடங்கியிருந்தன. விலக்கு 1971 வரை நீடித்துப் பின்னரே தளர்ந்தது.

குற்றச்சாட்டு முற்றிலும் பொய் என்று நாம் சொல்லவில்லை. 302.4 அதிர்வுள்ள க நம் பாடகர் பாடும் க அன்று என்பது மெய். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகம் நாக்குப் பெட்டியில் எழாது என்பதும் மெய். ஆயினும் நோய் நாக்கில் இல்லை, நாக்கை அராவிய அளவுகோலில் இருந்தது. அளவுகோலைத் திருத்துவதற்குப் பதிலாக வாத்தியத்தையே வாயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அதனோடு அதை வாசித்துப் பிழைத்தவர்களையும் நிறுத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆர்மோனியத்தை இகழ்ந்த சபைகளிலேயே பாடகர் பக்கத்தில் சுருதிப் பெட்டி ஊதிக்கொண்டிருந்தது. அதற்குள் இருப்பதும் அதே பித்தளை நாக்குத்தான்!

விலக்காமல் திருத்த முயன்றோரும் இருந்தனர். மகாராஷ்டிரத்தில் ஓய்வுபெற்ற துணைக் கலெக்டர் கிருஷ்ணாஜி பல்லாள் தேவல், 1910இல் இருபத்திரண்டு சுருதிகளைப் பற்றி நூல் எழுதினார். பாடகர் அப்துல் கரீம் கான் பாட, பாடிய சுரங்களை அளந்து பார்த்தார். ஆங்கிலேய நீதிபதி கிளெமென்ட்ஸ் அவரோடு சேர்ந்தார். இருவர் முயற்சியால் இலண்டனில் சுருதி ஆர்மோனியம் ஒன்று உருவாயிற்று. தொண்டையிலிருந்து அளவெடுத்து நாக்கை அராவும் இம்முறை போற்றத்தக்கது. ஆனால் சிறந்த பாடகர் ஒருவர் ஒருநாள் பாடிய சுரத்தை வடமொழி நூல்களின் இருபத்திரண்டுக்குள் பொருத்தியே தீர வேண்டும் என்னும் முன்முடிவும் அதில் கலந்திருந்தது.

அதை எதிர்த்து எழுந்த குரல் தஞ்சையிலிருந்து வந்தது. 1859இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, ஆசிரியராகவும் பின்னர் சித்த மருத்துவராகவும் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், மருந்து விற்றுச் சேர்த்த பொருளை இசையாராய்ச்சியில் கொட்டினார். 1912 முதல் தம் செலவிலேயே தஞ்சையில் சங்கீத மாநாடுகள் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டில் தேவல், கிளெமென்ட்ஸ் கொள்கைக்கு எதிராகத் தம் கணக்கை முன்வைத்தார். அவருடைய பெண்மக்கள் வீணையில் அதனை மெய்ப்பித்துக் காட்டினர். 1917இல் கருணாமிர்தசாகரம் வெளியாயிற்று. சிலப்பதிகாரத்து வட்டப்பாலையின் பன்னிரண்டு வீடுகளை அடிப்படையாகக் கொண்டு, ஸ்தாயியைப் பன்னிரண்டாகவும் இருபத்துநான்காகவும் சமமாகப் பங்கிட்டதே பழந்தமிழர் முறை என்று அவர் வாதித்தார். அதற்கும் நுண்ணிய பிரிவுகளைத் திரிகோணப் பாலை, சதுரப் பாலை என்னும் பெயர்களில் 48, 96 என விரித்தார்.

இங்கே ஒரு முரண் உண்டு. ஆர்மோனியத்தின் குற்றமாகச் சொல்லப்பட்ட சமப் பங்கீடு, பண்டிதர் கணக்கில் தமிழரின் பழஞ்சொத்தாகிவிடுகிறது! ஏடுகளில் சமப் பங்கீட்டுக்குச் சான்று உண்டு என்பதை நாம் ஏற்கத் தயங்குகிறோம். பன்னிரண்டு வீடு என்பது எண்ணிக்கை, அளவன்று. எனினும், வடமொழி நூல்களின் அதிகாரத்துக்குத் தலைவணங்காமல் தமிழ் நூலைக் கையிலெடுத்து, கணக்கிட்டு, கருவியில் வாசித்துக் காட்டி, மறுப்போரைப் பொதுமேடைக்கு அழைத்த துணிவு, அவருக்கு முன் இத்துறையில் தமிழரிடையே இருந்ததில்லை.

இனி நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். வாழைச்சேனைக்குத் தெற்கே, மட்டக்களப்பு நகரையும் கடந்து, கரையோரமாய்ச் சென்றால் காரைதீவு. 1892இல் அங்கே பிறந்த மயில்வாகனன் மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்றார்; விஞ்ஞானம் கற்றார்; 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார்; 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார்; 1924இல் துறவுபூண்டு விபுலானந்தர் ஆனார். பௌதிகமும் பழந்தமிழும் ஒரே தலையில் கூடியது தற்செயல். ஆனால் அக்கூட்டம் இல்லாமல் யாழ்நூல் எழுந்திருக்காது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த காலத்தையொட்டித் தொடங்கிய ஆராய்ச்சி, ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் நீண்டது. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அடியார்க்கு நல்லார் உரையுமே அவருக்கு அடிப்படை.

யாழை நாம் வீணையின் முன்னோடி என்று மட்டும் எண்ணிப் பழகிவிட்டோம். வீணையில் ஒரு தந்தியை மெட்டுக்களின்மீது அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம், இழுத்து வளைக்கலாம். விபுலானந்தர் கண்ட யாழோ வில்லின் வழிவந்தது. அதில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பேரியாழில் 21 நரம்பு, சகோடயாழில் 14, செங்கோட்டியாழில் 7. பழந்தமிழில் நரம்பு என்னும் சொல்லே தந்தியையும் சுரத்தையும் ஒருங்கே குறித்தது. அப்படியானால் யாழ்ப்பாணன் எதிர்கொண்ட கேள்வியும், மௌத் ஓர்கனைக் கழற்றி வைத்திருக்கும் நம் நண்பர் எதிர்கொள்ளும் கேள்வியும் ஒன்றே: எத்தனை நரம்பு, எந்த அளவில், எந்த வரிசையில்?

உரை தரும் அலகுகள் இவை: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. கூட்டினால் 22. விபுலானந்தர் இதனை ஏற்று, நரம்புகளின் நிலைகளைக் கணித விகிதங்களாக நிறுவினார். பண்டிதரின் சமப் பங்கீடு இங்கே இல்லை. அடுத்து, பாலைத் திரிபு. நரம்புகளை மீளக் கட்டாமலே, தொடங்கும் நரம்பை மாற்றிப் புதிய பாலையைப் பிறப்பிக்கும் முறை அது. இதைப் புரிந்துகொள்ள மாணவர்க்கு யாழ் வேண்டியதில்லை. மலிவான மௌத் ஓர்கன் போதும். பொத்தானைத் தொடாது ச-விலிருந்து ஏழு சுரங்களையும் வாசித்தால் சங்கராபரணம். அதே நாக்குகளில் ரி-யை ஆதாரமாகக் கொண்டால் கரகரப்பிரியா. க-வைக் கொண்டால் தோடி. ம-வைக் கொண்டால் கல்யாணி. ப-வைக் கொண்டால் அரிகாம்போதி. த-வைக் கொண்டால் நடபைரவி. விபுலானந்தர் செம்பாலை எனக் கண்டது இந்த அரிகாம்போதியையே. வகுப்பறையில் இதனை ஒருமுறை ஊதிக் காட்டினால் மாணவர் முகம் மலர்வதைக் காணலாம். இயங்காத ஏட்டு வாக்கியம் திடீரென ஒலியாகிவிடுகிறது.

1947 யூன் 5ஆம் நாள் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. விபுலானந்தர் தம் கணக்கின்படி அமைப்பித்த முளரியாழ், சுருதி வீணை, பாரிசாத வீணை, சதுர்தண்டி வீணை ஆகியவை ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. சிவானந்தம் பிள்ளை யாழ் மீட்டினார். நூலோடு கருவியையும் சபைமுன் வைத்தது நமக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எழுதியது பிழையானால் நரம்பே காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? ஆறு வாரங்களில், யூலை 19ஆம் நாள், அவர் மறைந்தார். உடல் கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது. விவாதம் அடங்கவில்லை. ஆபிரகாம் பண்டிதரின் மகன் வரகுணபாண்டியன் 1950இல் பாணர் கைவழி என்னும் நூலை வெளியிட்டு, யாழ் வீணையினத்ததே என்று மறுத்தார்.

கல்லடிப் பாலத்தடியில் நிலவுக் காலத்தில் வாவி நீரிலிருந்து இசையொலி எழும் என்பது நம் நாட்டார் அனைவரும் அறிந்தது. 1848இல் வந்த எமர்சன் டெனென்ற் தாம் கேட்டதை எழுதி வைத்தார். விபுலானந்தரும் யாழ்நூலில் அவ்வொலியை நீரர மகளிரின் பாடலாக்கிச் செய்யுள் யாத்தார். மீனோ சிப்பியோ, அந்த ஒலி எந்த அலகுக்கும் கட்டுப்பட்டதன்று.

இவ்விடத்தில் நம் குறையொன்றைச் சொல்லாதிருக்க முடியவில்லை. யாழ்நூல் ஏட்டிலிருந்தும் தேவாரப் பண்ணிலிருந்தும் எழுந்தது. அவர் பிறந்த மண்ணின் கூத்துக் களரி அதன் பொருளாகவில்லை. வடமோடி, தென்மோடிக் கூத்துக்களில் மத்தளமும் தாளமுமே பக்கவாத்தியங்கள். சுரம் எடுத்துக்கொடுக்கும் கருவி இல்லை. அண்ணாவியாரின் தொண்டையே ஆதாரம். பிற்பாட்டுக்காரர் அதைப் பற்றிக்கொண்டு செல்வர். வயலிலும் தோணியிலும் உழைப்போரின் தொண்டைகள் அவை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கூத்துக்களைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். ஆடலும் அமைப்பும் ஆராயப்பட்டன. ஆனால் அந்தத் தொண்டைகள் க-வை எங்கே வைக்கின்றன, ஏறும்போது எங்கே, இறங்கும்போது எங்கே என்று அளக்க வேண்டிய வேலை இன்னும் நம்முன் கிடக்கிறது. இதற்கிடையில் விழா மேடைகளில் கீபோர்ட் வந்துவிட்டது. அதன் சுரங்களும் ஆலையிலேயே சமப் பங்கீட்டில் பூட்டப்பட்டு வருபவை. சுரத்தை நகர்த்தும் வசதி பலவற்றில் உண்டு, தொடுவோர் அரிது. பாடகர் கருவிக்கு இணங்கிப் பாடப் பாட, அவருடைய பழைய க காதிலிருந்தே நழுவிவிடும். அராவுவதற்கு அதில் நாக்கும் இல்லை.

நம் நண்பர் மௌத் ஓர்கனைக் கழற்றியது இதற்காகவே. முதிய அண்ணாவியார் ஒருவர் பாடிய விருத்தத்தை அவர் கைத்தொலைபேசியில் பதிவு செய்திருந்தார். ஆலை தந்த க-வை ஊதிப் பார்த்தால் பொருந்தவில்லை. தூய 300ஐ வைத்தாலும் பொருந்தவில்லை. ஏறும்போது ஒரு க, இறங்கும்போது அதற்குச் சற்றுத் தாழ்ந்த வேறொரு க. ஒரு நாக்கால் இரண்டையும் எப்படிச் சொல்வது? முன்னே நாம் குறிப்பிட்ட மிகுதி நாக்குகள் இங்கேதான் பயன்பட்டன. இரண்டாம் துளையை ஊதினால் க. அங்கேயே பொத்தானை அழுத்தினால் ம. அந்த ம-வோ உறிஞ்சும் பக்கத்தில் வேறு உண்டு. ஆகவே பொத்தானுக்குரிய ம மிகை. அதன் நுனியில் ஈயம் ஒரு துளி வைத்து, அடியை அராவி, ஏறக்குறைய அரைச் சுரம் கீழிறக்கிவிட்டால், பொத்தானை அழுத்தும்போது இரண்டாவது க கிடைக்கும்.

இருட்டிக்கொண்டு வந்தது. ஓட்டமாவடிப் பக்கமிருந்து பேருந்தொன்று விளக்கெரியக் கடந்தது. நண்பர் கைத்தொலைபேசியை மீண்டும் ஒருமுறை ஒலிக்கவிட்டார். பின் அரத்தூளை வாயால் ஊதி அகற்றி, தகட்டை உடலில் பொருத்தி, பொத்தானை அழுத்தி ஊதினார். இருவரும் கேட்டோம். இன்னும் சற்று உயர்ந்தே இருந்தது. தகட்டைக் கழற்றி மறுபடியும் அரத்தை எடுத்தார்.